இது யாரு வூட்டுது?

சுயேச்சைகளுக்கு மிச்சமிருந்த சின்னங்களில்
குலுக்கிப் போட்டதில் எனக்கு விழுந்தது
கேஸ் சிலிண்டர்.
'சூப்பர் சின்னம்ணே, எல்லா வூட்லயும் கீது'
என்றான் பிரஸ்காரன்.
ஆயிரம் போஸ்டர்.
கைகூப்பிய நான்,
பக்கத்தில் சிவப்பாய் அது.

விடிந்து பார்த்தால்
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் ஓரம்
ஒட்டிய ஏழிலும்
கரிக்கட்டையால் ஒரே கையெழுத்து:
'இது யாரு வூட்டுது?'

எதிராளி வேலை என்றார்கள் பையன்கள்.
மேலேயே புதுசு ஒட்டிடலாம் என்றார்கள்.
பசை வாளியைக் கீழே வைக்கச் சொன்னேன்.
எனக்குத் தெரியும்
யாரு வூட்டுது.

வேட்புமனுவில் ஒரு கட்டம் உண்டு:
நிலுவையில் உள்ள வழக்குகள்.
'இல்லை' என்று எழுதினேன்.
நோட்டரி முத்திரை குத்தினார்.
பொய்யில்லை அது.
என்மேல் கேஸ் கொடுக்கிற அளவுக்கு
தைரியம் மிச்சம் வைத்துவிட்டு
எந்த வாசலையும் விட்டு
நான் இறங்கியதில்லை.

ராத்திரி ஒன்பதுக்கு மைக்கைப் பிடித்தேன்.

'எல்லாருக்கும் தெரியும்,
தெரியாத மாதிரி நிக்கிறீங்க.
ஒம்போது வருசம் தண்டல் வசூல் பண்ணவன் நான்.
பத்தாயிரம்னு எழுதிட்டு
எட்டாயிரத்தி ஐந்நூறு கையில குடுப்போம்.
நாளுக்கு நூறு, நூறு நாள்.
ஒரு நாள் தவறினா
வண்டிய ஆஃப் பண்ணாம வாசல்ல நிப்பேன்.
ரெண்டு நாள் தவறினா
உள்ள வருவேன்.
மூணாவது குறுக்குத் தெரு, நாப்பத்தொண்ணு.
நாகபூஷணம் அக்கா
அறுபத்திமூணு நாள் கட்டிட்டாங்க.
அப்போ அவங்க வூட்டுக்காரரு ஸ்டான்லியில.
சோறு பாதி வெந்துக்கினு இருந்துச்சு.
அடுப்ப நான்தான் அணைச்சேன்.
ரெகுலேட்டரக் கழட்டி...'

அந்த நேரம் பார்த்து கேட் மூடினார்கள்.
தண்டையார்பேட்டை எண்ணெய் வண்டி.
கறுப்பு டேங்கர், அடுத்து டேங்கர், அடுத்து.
மைக்கைத் தாழ்த்திக்கொண்டு எண்ணினேன்.
நாற்பத்தெட்டு.
யாராவது கலைந்து போயிருக்கலாம்.
போகவில்லை,
அதுதான் பயமாக இருந்தது.

'மன்னிப்பு' என்று தாளில் எழுதி வைத்திருந்தேன்,
ஜெபசீலி கோடு கூடப் போட்டிருந்தாள்.
ரயில் போனபின் வாயில் வந்தது வேறு:
'அந்த அரிசி என்ன ஆச்சுன்னு
இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது.'

கைதட்டல் இல்லை.
பின்னாலிருந்து ஒரு குரல்:
'எங்க தையல் மிஷினு?'
'எம் பையன் சைக்கிளு. பச்சை கலரு.'
'மிக்சி.'
'ஜாரையும் சேத்து எழுதிக்கம்மா.'
யாரோ சிரித்தார்கள்.
'கம்மல்' என்று ஒருத்தி சொன்னாள்.
சிரிப்பு நின்றது.

பூத் ஏஜென்ட் ஜெபசீலி
வாக்காளர் பட்டியலைப் பிரித்து
பேருக்கு நேராக எழுதிக்கொண்டிருந்தாள்.
நான் எழுதச் சொல்லவில்லை.
நமக்கு விழும் ஓட்டுக்கு டிக் அடிக்க
வாங்கிய பேனா அது.

பத்தானதும் ஏட்டு வந்து
மைக்கை அணைக்கச் சொன்னார்.
அணைத்தோம்.
மைக் இல்லாமலே
சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாப்பத்தொண்ணிலிருந்து யாரும் வரவில்லை.

காலையில் போனேன்,
நோட்டீஸ் இல்லாமல், பையன்கள் இல்லாமல்.
வாசலில் குந்தி
சாமான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
நகக்கண்ணெல்லாம் கரி.
பாத்திரக் கரியாகவும் இருக்கலாம்.
நிமிரவில்லை.

'முப்பத்தேழு நாள் பாக்கி கீது' என்றாள்.
'உனக்கா, எனக்கா,
நீயே கணக்குப் போட்டுச் சொல்லு.'